பாலித் தீவில் வெளிநாட்டவர் குடியிருப்பும் நில உரிமையும்

பாலி, இந்தோனேசியாவின் மாகாணங்களுள் ஒன்று. ஜாவாவுக்குக் கிழக்கே, ஒரு குறுகிய நீரிணையைத் தாண்டியவுடன் வரும் தீவு. 2020 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை சுமார் 43 லட்சம். இவர்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள். கொரோனாவுக்கு முந்தைய 2019ஆம் ஆண்டில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் இங்கு வந்து சென்றனர். வந்தவர்களில் ஒரு சிறு பகுதியினர் திரும்பிப் போகாமல் தங்கிவிடுகிறார்கள். ஓவியர், இசைஞர், ஓய்வு பெற்றோர், மடிக்கணினியிலேயே வேலையை முடித்துக்கொள்ளும் இளைஞர் எனப் பலர் இப்படி இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுள் பலர் சொந்தப் பணத்தில் வீடும் கட்டினர். ஆனால் அந்த வீடு நிற்கும் மண்ணின் முழு உரிமை அவர்களிடம் இருக்க முடியாது. அரசுகள் மாறியும் நூறாண்டுக்கு மேலாக மாறாமல் நிற்கும் இந்தத் தடையே பாலியில் வெளிநாட்டவர் வாழ்வின் வரலாற்றைப் பெரிதும் வடிவமைத்தது.

டச்சு ஆட்சியில் பிறந்த தடை

இன்றைய இந்தோனேசியா அன்று டச்சுக் கிழக்கிந்தியா என்ற குடியேற்ற நாடாக இருந்தது. அங்கே 1870இல் வேளாண் நிலச் சட்டம் வந்தது. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களுக்காக நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்க அது வழிசெய்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1875இல், உள்ளூர் மக்கள் தம் நிலத்தை உள்ளூரார் அல்லாதவர்க்கு விற்கக்கூடாது என்ற தடையும் வந்தது. குடியானவர் நிலமிழந்து தெருவுக்கு வந்தால் வரியும் வராது, அமைதியும் கெடும் என்ற கணக்கு அதில் இருந்தது. குடியானவர் மீது கொண்ட பரிவு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. பெருந்தோட்டங்களுக்குக் குத்தகை முறையே போதுமானதாக இருந்தது.

வடக்குப் பாலி 1849 வாக்கில் டச்சுக்காரர் பிடிக்குள் வந்துவிட்டது. தெற்குப் பாலியோ 1906 வரை பணியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் பாடுங் அரச குடும்பத்தினரும் அரண்மனையைச் சேர்ந்தவர்களும் வெள்ளை உடை அணிந்து, டச்சுத் துப்பாக்கிகளுக்கு நேரே நடந்து சென்று மாண்டனர். 1908இல் குளுங்குங் அரசிலும் இதே நிகழ்ந்தது. இந்த இறுதிப் போரைப் பாலி மக்கள் ‘புபுத்தான்’ என்பர். ஐரோப்பாவில் இதனால் எழுந்த கண்டனத்துக்குப் பின், பாலியின் பண்பாட்டைக் காக்கும் அரசாகத் தன்னைக் காட்டிக்கொள்ள டச்சு நிர்வாகம் முயன்றது. 1920களில் நீராவிக் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவரத் தொடங்கின. 1928இல் டென்பசாரில் பாலி ஹோட்டல் திறக்கப்பட்டது.

ஓவியர்களின் வீடுகள்

நீண்ட நாள் தங்கிய வெளிநாட்டவருள் முதன்மையானவர் வால்டர் ஸ்பீஸ். மாஸ்கோவில் பிறந்த ஜெர்மானிய ஓவியர், இசையும் அறிந்தவர். 1927இல் பாலிக்கு வந்த அவரை உபுட் அரச குடும்பத்தின் சொக்கோர்டா கெடே அகுங் சுகாவதி ஆதரித்தார். சம்புஹான் என்ற இடத்தில், இரண்டு ஆறுகள் சேரும் பள்ளத்தாக்கின் சரிவில், ஸ்பீஸ் வீடு கட்டிக்கொண்டார். நம் ஊரில் கூடுதுறை என்போமே, அதே பொருள் தரும் பெயர் அது. உலகின் பல மூலைகளிலிருந்தும் எழுத்தாளரும் ஆய்வாளரும் அவ்வீட்டுக்கு வந்தனர். கனடாவில் பிறந்த இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீ சயான் என்ற ஊரில் வீடு கட்டி, கமெலான் இசையை ஆராய்ந்தார். அந்த வீட்டைப் பற்றியே ஒரு நூலும் எழுதினார். 1936இல் ஸ்பீஸ், டச்சு ஓவியர் ருடால்ஃப் போனெட், சுகாவதி, பாலியின் பெருங்கலைஞர் குஸ்தி நியோமான் லெம்பாட் ஆகியோர் சேர்ந்து ‘பிதா மகா’ என்ற ஓவியர் சங்கத்தை நிறுவினர்.

இந்த வாழ்க்கை அரசர் ஒருவரின் தயவையும் குடியேற்ற அரசின் பொறுமையையும் நம்பியே நடந்தது. ஸ்பீஸின் முடிவு அதைக் காட்டுகிறது. 1938 இறுதியில் தன்பாலுறவுக் குற்றச்சாட்டில் கைதாகி, அடுத்த ஆண்டு விடுதலையானார். 1940இல் ஜெர்மனி நெதர்லாந்தைத் தாக்கியதும், ஜெர்மானியர் என்பதற்காகவே மீண்டும் அடைக்கப்பட்டார். 1942 ஜனவரியில் ஜெர்மானியக் கைதிகளை ஏற்றிச் சென்ற ‘வான் இம்ஹோஃப்’ கப்பல் சுமத்ராவுக்கு அப்பால் ஜப்பானிய விமானத்தால் குண்டு வீசப்பட்டு மூழ்கியபோது அவரும் இறந்தார்.

பெல்ஜிய ஓவியர் லெ மேயரின் கதை வேறு. 1932இல் வந்த அவர், தம் ஓவியங்களுக்கு மாதிரியாக இருந்த நடனக் கலைஞர் நி பொல்லோக்கை 1935இல் மணந்து, சனூர் கடற்கரையில் வாழ்ந்தார். 1958இல் அவர் இறந்தார். வீடும் ஓவியங்களும் இந்தோனேசிய அரசின் பொறுப்புக்குச் சென்று அருங்காட்சியகம் ஆயின. பொல்லோக் 1985இல் தாம் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நாடு விடுதலை பெற்றபின், டச்சு உறவு முறிந்த 1950களின் இறுதியில், போனெட் போன்றோர் வெளியேற நேர்ந்தது. ஆனால் நெதர்லாந்தில் பிறந்த ஆரி ஸ்மிட் 1951இலேயே இந்தோனேசியக் குடியுரிமை பெற்றிருந்தார். 1956இல் பாலிக்கு வந்து, 2016இல் தம் 99ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். வெளிநாட்டில் பிறந்தவர் பாலி மண்ணில் முழு உரிமை பெறச் சட்டம் இன்றுவரை திறந்து வைத்திருக்கும் நேர்வழி, ஸ்மிட் சென்ற அந்தக் குடியுரிமை வழி ஒன்றுதான். இந்தோனேசியா வயது வந்தோர்க்கு இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. எனவே பிறந்த நாட்டுக் கடவுச்சீட்டைக் கைவிட வேண்டும். பலர் தயங்கி நிற்பது இங்கேதான்.

1960 சட்டம்

இன்றும் நடைமுறையிலுள்ள அடிப்படை நிலச் சட்டம் 1960 செப்டம்பர் 24ஆம் நாள் வந்தது. டச்சுக் காலச் சட்டங்களை அது நீக்கினாலும், அந்நியர்க்கு நிலம் இல்லை என்ற கொள்கையைத் தேசியக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. அன்று குடியேற்ற அரசு போட்ட தடையை இன்று விடுதலை பெற்ற குடிமக்கள் தம் உரிமையாக ஏற்றுக்கொண்டனர்.

சட்டம் பல வகை உரிமைகளை வகுக்கிறது. ‘ஹக் மிலிக்’ என்பது காலவரையற்ற முழு உரிமை. வாரிசுக்குப் போகும்; விற்கலாம். 21ஆம் பிரிவின்படி தனிமனிதருள் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே இது உண்டு. ‘ஹக் பகாய்’ பயன்படுத்தும் உரிமை. நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவரும் பெறலாம். ‘ஹக் சேவா’ குத்தகை உரிமை; இதையும் வெளிநாட்டவர் பெறலாம். ‘ஹக் குனா பங்குனான்’ கட்டடம் எழுப்பும் உரிமை; வெளிநாட்டு முதலீட்டில் இந்தோனேசியாவில் பதிவான நிறுவனம் இதைப் பெற முடியும்.

26ஆம் பிரிவுதான் கடுமையானது. விற்பனை, கொடை, உயில் என எந்த வழியிலும், நேராகவோ மறைமுகமாகவோ, முழு உரிமையை வெளிநாட்டவரிடம் சேர்க்கும் செயல் செல்லாது. நிலம் அரசுக்குச் சேரும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது.

இதே காலத்தில் நில உச்சவரம்புச் சட்டமும் வந்தது. நிலத்தைப் பங்கிடும் போராட்டத்தில் பாலியின் ஊர்கள் இரண்டாகப் பிளந்தன. 1965-66 படுகொலைகளில் பாலியில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதற்கு நிலப் பகையும் ஒரு காரணம். சில ஆண்டுகளிலேயே, 1969இல், ஜெட் விமானங்கள் இறங்கும் பன்னாட்டு நிலையம் திறக்கப்பட்டு, பாலி உலகச் சுற்றுலாவுக்குள் நுழைந்தது. கடற்கரை விடுதியில் படுத்திருந்த பயணிகளுள் எத்தனை பேருக்கு அந்த மண்ணின் அண்மை வரலாறு தெரிந்திருக்கும்? 1970களில் சனூரின் பத்து ஜிம்பார் பகுதியில் ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்டுக்காக வீடுகளை வடிவமைத்தவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா. வெப்பமண்டல வீட்டுக் கலை ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குச் சென்ற வழி அது.

இரவல் பெயர்

சட்டம் அடைத்த வாசலுக்குப் பக்கத்தில் பொல்லாத ஒரு சந்து திறந்தது. ‘பிஞ்சம் நாமா’ என்பர். பெயரை இரவல் வாங்குதல். நம்மூர் வழக்கில் சொன்னால் பினாமி. வெளிநாட்டவர் பணம் தருவார். நிலம் ஓர் இந்தோனேசியரின் பெயரில் பதிவாகும். பெயர் கொடுத்தவர் அதே தொகைக்குக் கடன்பட்டதாக ஓர் ஒப்பந்தம், அந்தக் கடனுக்கு நிலமே அடமானம், நீண்ட காலக் குத்தகைப் பத்திரம், திரும்பப் பெற முடியாத பொது அதிகார ஆவணம் என நாலைந்து காகிதங்கள் நோட்டரி முன் எழுதப்படும். காகிதக் கட்டு தடிமனாக இருப்பதால் பாதுகாப்பு என்று நம்பியவர் பலர்.

பெயர் கொடுத்தவர் இறந்தால் நிலம் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். விவாகரத்து ஆனால் மனைவியும் பங்கு கேட்கலாம். வழக்குக்குப் போனாலோ, ‘மறைமுகமாக’ என்ற ஒரே சொல் அந்தக் காகிதங்களைச் செல்லாமல் ஆக்கிவிடும். தம் சேமிப்பு முழுவதையும் போட்டு வீடு கட்டிய முதியவர் அதை இழந்து நிற்பதைக் கண்டு இரக்கப்படாமல் இருக்க முடியாது. ஆனால் சட்டம் 1960 முதல் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டே இருக்கிறது.

நேர்வழியும் காலப்போக்கில் சற்று அகலமானது. 1996 அரசாணை வெளிநாட்டவர் வீட்டுக்கான ‘ஹக் பகாய்’ உரிமையை முதலில் 25 ஆண்டுகளுக்கு என வரையறுத்தது. 2015 ஆணை அதை 30 ஆண்டுகள், பின் 20, பின் 30 என மொத்தம் 80 ஆண்டுகளாக்கியது. 2022 விதிகளின்படி பாலியில் வெளிநாட்டவர் வாங்கும் தனி வீட்டின் விலை 500 கோடி ரூபியாவுக்குக் குறையக் கூடாது. உள்ளூர் இளம் குடும்பங்கள் தேடும் சிறு வீடுகளுக்கு வெளிநாட்டவர் போட்டிக்கு வராமல் தடுப்பது இதன் நோக்கம். நாட்டை விட்டு நிலையாக வெளியேறினால் ஓராண்டுக்குள் உரிமையை மாற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

திருமணமும் நிலமும்

தடையின் சுமை வெளிநாட்டவரோடு நிற்கவில்லை. 1974 திருமணச் சட்டப்படி மணவாழ்வில் சேரும் சொத்து இருவர்க்கும் பொது. எனவே வெளிநாட்டவரை மணந்த இந்தோனேசியப் பெண், திருமணத்துக்கு முன்பே சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் எழுதாவிட்டால், தன் சொந்த நாட்டில் தன் சம்பளத்தில்கூட முழு உரிமையுள்ள நிலம் வாங்க முடியாது. பாதி கணவருடையதாகிவிடும் என்பது வாதம். காதலித்து மணப்பவர்களில் எத்தனை பேர் முதலில் நோட்டரியிடம் போவார்கள்? ஜப்பானியரை மணந்த ஒரு பெண், முழுப் பணம் கட்டியும் அடுக்குமாடி வீடு மறுக்கப்பட்டதால், அரசியல் சட்ட நீதிமன்றம் சென்றார். திருமணத்துக்குப் பிறகும் அத்தகைய ஒப்பந்தம் எழுதலாம் என்று 2016 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. கலப்பு மணத் தம்பதியர் மிகுந்த பாலியில் இத்தீர்ப்பு பல குடும்பங்களின் கவலையைத் தீர்த்தது.

ஊரும் குத்தகையும்

பாலியில் அரசுச் சட்டத்தோடு ஊர்ச் சட்டமும் உண்டு. ‘தேசா அடாட்’ எனப்படும் மரபூர் அமைப்புக்குச் சொந்தமான மனைகளில் வசிப்போர் கோயில் பணியும் ஊர்ப் பணியும் செய்யக் கடமைப்பட்டவர். வீட்டு வளாகத்துக்குள்ளேயே குலக்கோயில் இருக்கும். அதை ஒருவர் தன் விருப்பப்படி விற்றுவிட முடியாது. எனவே வெளிநாட்டவரின் வில்லாக்கள் பெரும்பாலும் தனிப்பட்டா நெல்வயல்களிலும் கடலோரத்திலும் எழுந்தன. வயல் நடுவே சுவர் எழுந்தால் ‘சுபக்’ என்ற பழைய நீர்ப்பங்கீட்டு அமைப்பின் வாய்க்கால் தடைபடுகிறது. சுற்றிலும் நிலமதிப்பு ஏறுவதால், இன்னும் உழுதுகொண்டிருப்பவரின் நிலவரியும் ஏறுகிறது. அவரும் ஒருநாள் குத்தகைக்கு விட முடிவு செய்கிறார்.

பாலியில் நிலத்தை ‘ஆர்’ கணக்கில் அளப்பர். ஓர் ஆர் 100 சதுர மீட்டர். ஓர் ஆருக்கு ஓராண்டுக்கு இவ்வளவு என்று பேசி, முழுக் காலத்துக்கும் தொகையை முன்பணமாகவே வாங்கிவிடுவது வழக்கம். ஆருக்கு ஆண்டுக்கு 2 கோடி ரூபியா என்று வைத்துக்கொண்டால், 5 ஆர் நிலத்துக்கு 25 ஆண்டுக்கு 250 கோடி. தந்தை அப்பணத்தில் மகளின் படிப்பையும் கோயில் திருப்பணியையும் முடித்திருப்பார். மகனுக்கு 25 ஆண்டு நிலமும் இல்லை, வாடகையும் இல்லை.

2019 மாகாண விதி மரபூரில் இருப்போரை மூன்றாகப் பிரிக்கிறது. ஊர் உறுப்பினர், வெளியூரிலிருந்து வந்த பாலி இந்துக்கள், பிறகு ‘தமியு’. தமியு என்றால் விருந்தாளி. முப்பது ஆண்டு வாழ்ந்த வெளிநாட்டவரும் இந்த மூன்றாம் வகையே. ஊரின் கட்டுப்பாடுகள் அவருக்கும் உண்டு. ஞெப்பி என்னும் மௌன நாளில் அவரும் விளக்கணைத்து வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

2000களின் தொடக்கத்தில் 25 ஆண்டுக்கு எழுதிய குத்தகைகள் இப்போது முடிந்துவருகின்றன. ‘நீட்டிப்பு, அன்றைய சந்தை விலையில்’ என்று மட்டும் எழுதியிருந்தவர்கள், அன்று கொடுத்ததைப் போலப் பல மடங்கு தொகையை எதிர்கொள்கிறார்கள். கையெழுத்திட்ட தந்தை போய், மகன்கள் எதிரே உட்கார்ந்திருக்கலாம். பேச்சு முறிந்தால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, வீடு மண்ணோடு அவர்களிடம் போகும். சம்புஹானில் ஸ்பீஸ் கட்டிய வீடு இன்று உபுட் அரச குடும்பத்தின் ஹோட்டலில் ஒரு பகுதி. ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து அதில் தங்கலாம்.