கூதிரும் கம்பளியும்

குளிரில் வாடும் விலங்கைப் போர்த்துதல் தமிழ் மரபில் பழைய செயல். பேகன் மயிலுக்கு ஈந்த போர்வையைப் புறநானூறு 'படாம்' என்னும். அச்சொல் பிற்காலத்தில் யானையின் முகபடாமிலும் நிலைத்தது. குளிர்ப்பொழுதை நம் முன்னோர் மாதங்களால் வகுத்தனர்: ஐப்பசி, கார்த்திகை கூதிர், மார்கழி, தை முன்பனி.

1929இல் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்தும் பணியில் தொழிலாளருடன் கோவேறு கழுதைகளும் உழைத்தன. நிலநடுக்கோட்டை அடுத்த அம்மலையில் கூதிர் என ஒரு பருவம் இல்லை. பகற்பொழுது குறுகும்போதுதான் குதிரையினத்துக்குக் குளிர்கால மயிர் அடரும். அங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அரை மணி நேரமே வேறுபடும். ஆகவே போர்வை இடும் வேளையை மாதம் காட்டாது. விலங்கின் உடலே காட்டும். இரவில் வெப்பம் 15 செல்சியஸ் அளவுக்கு இறங்கினாலும் உலர்ந்த விலங்கு தாங்கும். மழையிலும் வியர்வையிலும் நனைந்தது நடுங்கும். அதனைத் துடைத்து உலர்த்திய பின்னரே போர்த்துதல் முறை.

மலைக்குளிர் மனிதரையும் வாட்டியது. இலங்கைத் தோட்டங்களில் 'கம்பளி' என்னும் சொல் துரைமாரின் ஆங்கிலத்திலும் புகுந்தது. அங்கே தொழிலாளிக்குத் தந்த கம்பளியின் விலை அவர் கணக்கிலேயே பற்றாக எழுதப்பட்டது. பேகனின் மயிலுக்கு அத்தகைய கடன் இல்லை. சொல்லின் வரலாற்றை ஆராயும் நாம், அப்போர்வைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும்.