முப்பரிமாணப் படமும் ஒரு பழைய கேமராவும்



ஸ்டீரியோ படம் எடுக்கக் குறைந்த விலையில் எந்தப் பழைய பிலிம் கேமரா வாங்கலாம் என்று நம் பள்ளிப் பிள்ளை ஒருவர் கேட்டிருந்தார். வாத்தியாரிடம் கேட்டால் வரலாறும் சேர்ந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 செ.மீ. இடைவெளி. அதனால் இரண்டும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது. இதை 1838இல் விளக்கியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன்.

இருபதே ஆண்டுகளில் அந்தக் கலை நம்மூருக்கு வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், 1857 டிசம்பரில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். பெரிய படங்களோடு ஸ்டீரியோ படங்களும் எடுத்தார். மதுரை, திருச்சி, தஞ்சை ஸ்டீரியோ தொகுப்புகள் 1858இல் வெளிவந்தன. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன், 1857 கிளர்ச்சிக்குப் பின் கஜானா இருந்த நிலையில் இது ஆடம்பரச் செலவு என்று கருதி வேலையை நிறுத்திவிட்டார். அதற்குள் எடுத்தவைதான் அந்தக் காலக் கோயில்களுக்கும் தெருக்களுக்கும் இன்று நமக்குச் சாட்சி.

ஆக, செலவு என்ற தடை அன்றும் இருந்தது. இனி கேமராவுக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1947இல் வந்த 'ஸ்டீரியோ ரியலிஸ்ட்' போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களைத் தேடி அலைய வேண்டாம். வதோதராவில் தயாரான 'அக்ஃபா கிளிக் 3' பல வீட்டுப் பரண்களில் தூங்குகிறது. 120 பிலிமில் 12 படம், அதாவது 6 ஜோடி. கண்ணுக்கு 6 செ.மீ. சதுர நெகட்டிவ்; அதே அளவில் பிரிண்ட் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், ஸ்டீரியோ கண்ணாடியில் பார்க்க ஏற்ற அட்டை தயார்.

முறை எளிது. ஒரு படம் எடுத்து, கேமராவைத் திருப்பாமல் அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று எடுங்கள். மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர்த்தினால் போதும்: 3 மீட்டருக்கு 10 செ.மீ. ஆனால் ஆளோ இலையோ அசைந்தால் படம் கெடும். அதற்கு ஒரே மாதிரி இரண்டு கேமரா வேண்டும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம் சென்னை ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் படியும். ஷட்டர் ஒவ்வொரு முறையும் ஒரே சீராகத் திறக்க வேண்டும். பின்மூடி ஒளி புகாமல் மூட வேண்டும்.

நம் ஏரியும் அதன் கரையும் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே இருக்கின்றன. டிரைப்புக்குப் பின்னால் ஓர் அரசாங்கம் இருந்தது. அது நிறுத்தச் சொன்னதும் நின்றது. உங்களை நிறுத்த யாருமில்லை. ஊருக்கு வரும்போது ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்து, பின்புறம் தேதியும் இடமும் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் கிடைக்காத பாடம்.