அடுத்த ஊருக்குச் செல்லும் சபை: தோர்ணக்கல் வரலாறு எழுப்பும் கேள்வி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக இலண்டனில் பணியாற்றிய ஹென்றி வென், மிஷன் களங்களில் உருவாகும் திருச்சபைகளுக்கு மூன்று இலக்குகளை வகுத்தார். அவை தன் செலவைத் தானே ஏற்க வேண்டும்; தன்னைத் தானே ஆள வேண்டும்; தன்னைத் தானே பரப்பிக்கொள்ள வேண்டும். இந்தியத் திருச்சபை வரலாற்றை எழுதியவர்கள் முதலிரண்டு இலக்குகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அந்நியப் பணம் எப்போது குறைந்தது, இந்தியர் எப்போது பேராயர்களாயினர் என்பன ஆவணங்களில் எளிதில் அகப்படும் செய்திகள். மூன்றாவது இலக்கு அவ்வாறன்று. ஒரு சபை தன் எல்லைக்கு வெளியே இருப்பவர்களிடம் செல்லும் இயல்பைப் பெற்றதா, பெற்றிருந்தால் எத்தனை காலம் அதைக் காத்துக்கொண்டது என்பதைப் பதிவேடுகளிலிருந்து அறிவது கடினம். அந்தக் கேள்விக்கு ஓரளவேனும் தெளிவான விடை தரும் களங்களுள் ஒன்று இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்.

இக்கதையின் தொடக்கம் திருநெல்வேலியில் இருக்கிறது. 1900ஆம் ஆண்டளவில் திருநெல்வேலித் திருச்சபை ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையதாயிருந்தது. அதற்கென இந்தியக் குருமார்கள், பள்ளிகள், அச்சகங்கள், சபைச் சங்கங்கள் இருந்தன. வென் வகுத்த முதலிரண்டு இலக்குகளை நோக்கி அது கணிசமான தொலைவு நடந்திருந்தது. ஆயினும் தன் மொழி எல்லையைக் கடந்து, தன் செலவில், வேறொரு மக்களிடம் ஊழியரை அனுப்பும் எண்ணம் அங்கே வேரூன்றியிருக்கவில்லை. வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்துவந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை இந்தக் குறைபாடு உறுத்தியது.

அவ்வுறுத்தலுக்கு வடிவம் தந்தது 1902ஆம் ஆண்டு அவர் மேற்கொண்ட யாழ்ப்பாணப் பயணம். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே பணம் சேர்த்து, கடல் கடந்து இந்தியக் கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிவந்தனர். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம் செய்ததைப் பெரிய திருநெல்வேலி செய்யவில்லை. மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12 அன்று, திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பெற்றது. 1905 டிசம்பர் 25 அன்று, வில்லியம் கேரியின் நினைவு நிலைத்த செராம்பூரில், பல சபைகளைச் சேர்ந்த இந்தியர்கள் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தை நிறுவினர். இந்தியப் பணியாளர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் நெறி. வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கம் வலுப்பெற்றிருந்த ஆண்டு அது. இரண்டும் ஒரே காலத்தின் காற்றைச் சுவாசித்தவை.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்த களம் ஐதராபாத் நிஜாம் அரசில் தெலுங்கு பேசிய தோர்ணக்கல் பகுதி. சென்னையிலிருந்து தொலைவிலிருந்த ஓர் இரயில் சந்திப்பு. சுற்றிலும் காடும் மேட்டுநிலமும். அங்கே சென்ற தமிழ் ஊழியர்கள் எவ்வகையிலும் உள்ளூரார் அல்லர். தெலுங்கு திராவிடக் குடும்பத்து மொழிதான். ஆனால் குடும்ப உறவு பேச்சு வழக்கைக் கற்றுத் தந்துவிடாது. சமயச் சொற்களிலேயே வேறுபாடு தெரியும். தமிழர் 'சுவிசேஷம்' என்றதைத் தெலுங்கர் 'சுவார்த்த' என்றனர். தமிழர் 'சபை' என்றதைத் தெலுங்கர் 'சங்கமு' என்றனர். ஐரோப்பிய மிஷனெரி சந்தித்த அந்நியத்தன்மையைத் தமிழ் மிஷனெரியும் வேறோர் அளவில் சந்தித்தார். வந்தவர் இந்தியர் என்பதனாலேயே பணி உள்ளூர்மயமாகிவிடவில்லை.

1909ஆம் ஆண்டு அசரியா ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டு, குருப்பட்டம் பெற்று, தோர்ணக்கலுக்கே சென்றார். மறு ஆண்டு எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், ஐரோப்பிய மிஷனெரிகள் இந்தியரிடம் நண்பர்களாகப் பழகுவதில்லை என்று அவர் வெளிப்படையாகப் பேசியது அவையில் சலசலப்பை உண்டாக்கியது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றார். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்நாளையே உச்சமாகக் காட்டுகின்றன. தன்னாட்சி என்ற இரண்டாவது இலக்கின் பார்வையில் அது சரிதான். மூன்றாவது இலக்கின் பார்வையில், கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அசரியா முன்வைத்த கருத்து எளியது: நற்செய்தியை அறிவிப்பது ஊதியம் பெறும் ஊழியரின் தனித்தொழில் அன்று, ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரின் கடமை. இக்கருத்து புதிதன்று. அதை வழிபாட்டுக்குள்ளேயே ஒரு செயலாக மாற்றியதுதான் புதிது. சபையாரைத் தத்தம் தலையில் கை வைக்கச் செய்து, தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும், நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்றும், பவுலின் கொரிந்தியர் நிருபத்தைத் தழுவிய வாசகத்தைச் சொல்லவைத்தார். எழுத்தறியாத மக்களிடையே ஒரு கடமையைப் பதியவைக்க, உடலசைவும் மனப்பாடமும் சேர்ந்த இந்தச் சிறு சடங்கு நூல்களைவிடப் பயன்பட்டிருக்கக்கூடும். ஆண்டுதோறும் 'சாட்சி வாரம்' என்ற பெயரில் சபையார் குழுக்களாக அக்கம்பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, பாடியும் பேசியும் தம் நம்பிக்கையை அறிவித்தனர்.

'சாட்சி' என்ற சொல் இங்கே கவனிக்கத்தக்கது. தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான இச்சொல்லின் அன்றாட இடம் வழக்கும் பஞ்சாயத்தும். பிரசங்கிக்கு நாவன்மையும் படிப்பும் தேவை. சாட்சிக்குத் தான் கண்டதைச் சொன்னால் போதும். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் மாலர், மாதிகர் போன்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தாரின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பது தெரிந்ததே. அத்தகையோரைச் சாட்சிகள் என்று அழைத்தது, அவர்கள் சொல் கேட்கப்பட வேண்டியது என்று அறிவித்ததும் ஆகும்.

நிஜாம் ஆட்சிப் பகுதியின் 'வெட்டி' முறையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கூலியின்றி நிலவுடைமையாளருக்கும் அதிகாரிகளுக்கும் உழைக்கக் கட்டாயப்படுத்திய முறை அது. சோழர் கல்வெட்டுகளிலும் காணப்படும் பழஞ்சொல் இது. வெட்டிக்கு உட்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்களே தோர்ணக்கல் சபையாரில் பெரும்பான்மையினர். கூலியின்றி உழைப்பது அவர்களுக்கு இழிவின் அடையாளமாயிருந்தது. அதே மக்கள், கட்டாயம் ஏதுமின்றி, தம் வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில், அடுத்த ஊருக்கு நடந்து சென்றனர். மிஷன் அறிக்கைகள் இதைப் பக்தியின் வெளிப்பாடாக மட்டுமே எழுதின. தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிடும் உரிமையின் வெளிப்பாடாகவும் இதை வாசிக்க இடமுண்டு.

இந்த அமைப்பின் அச்சாணி கிராம ஆசிரியர். பகலில் பள்ளி, வயல் வேலை முடிந்து மக்கள் திரும்பிய பின் இரவில் வழிபாடு, இடையில் நோயாளர் சந்திப்பும் வழக்குத் தீர்ப்பும். தோர்ணக்கலில் பயிற்சி பெற்ற ஊழியர்களோடு அவர்களுடைய மனைவியரும் கல்வி பெற்றனர். கிராமத்துக்குச் சென்றது ஓர் ஊழியர் அன்று, ஓர் இணை. பெண்களிடையே நடந்த பணியில் அசரியாவின் மனைவி அன்பு மரியம்மாளின் பங்கு பெரிது. தென்னிந்தியாவில் கல்லூரிக் கல்வி பெற்ற முதல் தலைமுறைக் கிறிஸ்தவப் பெண்களுள் அவர் ஒருவர். பணத்தைப் பொறுத்தவரை, சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தானியத்தை எடுத்துவைக்கும் பழக்கமும் அறுவடைக் காணிக்கையும் ஊக்குவிக்கப்பட்டன. காசு புழங்காத குடும்பங்களும் கொடுப்பவர்களாயின. 1930களின் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டு நிதி சுருங்கியபோது, இந்தப் பழக்கத்தின் மதிப்பு விளங்கியது.

சொல்லால் மட்டும் நடந்த பணியன்று இது. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் விரட்ட வேண்டிய பேய்கள் என அசரியா வரிசைப்படுத்தினார். கூட்டுறவுச் சங்கங்களும் மருத்துவ நிலையங்களும் தொழிற்பயிற்சியும் இதன் தொடர்ச்சி. ஆனால் இவை நற்செய்திப் பணிக்கு மாற்றாகவோ தூண்டிலாகவோ கருதப்படவில்லை. மாறிய வாழ்க்கையே சாட்சியின் பாதி என்பது அவர் நிலைப்பாடு. 1920களின் பிற்பகுதியிலிருந்து தெலுங்குப் பகுதிகளில் இடைநிலைச் சாதியார் பலர் கிறிஸ்தவத்தை நாடியதற்கு, அண்டைச் சேரிகளில் கண்ட மாற்றம் ஒரு முதன்மைக் காரணமாகப் பதிவாகியுள்ளது. ஊரின் விளிம்பிலிருந்து ஊரின் நடுப்பகுதிக்குச் செல்வாக்கு பாய்ந்தது. மேலிருந்து கீழே பரவும் என்ற பழைய மிஷன் கணிப்பு தலைகீழாயிற்று. 1940களின் தொடக்கத்தில் திருமண்டலத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்திருந்தது. இதில் ஒரு பகுதி, சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. சங்கங்களின் பழைய தெலுங்குக் களங்கள் பின்னர் தோர்ணக்கலோடு இணைக்கப்பட்டதால் வந்தது என்பதையும் மறக்கலாகாது.

இவ்வளர்ச்சி கடும் விமர்சனத்தையும் சந்தித்தது. 1935 அக்டோபரில் இயோலாவில், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தபின், ஒடுக்கப்பட்டோரின் மதமாற்றம் நாடளாவிய அரசியல் பிரச்சினையாயிற்று. சேவையை மதமாற்றத்தோடு இணைப்பதைக் காந்தி கண்டித்தார். இவ்விவாதத்தில் அசரியா எடுத்த நிலைப்பாடு இருமுனை உடையது. நற்செய்தி அறிவிக்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதே வேளையில், 1932ஆம் ஆண்டின் வகுப்புவாரித் தீர்ப்பு இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தந்த தனித்தொகுதிகளை அவர் எதிர்த்தார். எண்ணிக்கையை அரசியல் பங்காக மாற்றும் சமூகத்தின் சாட்சியை அண்டை வீட்டார் ஐயுறுவர் என்பது அவர் வாதத்தின் சாரம். பரப்பும் பணியைக் காக்க அரசியல் நலனைத் துறக்க முன்வந்த இந்த நிலைப்பாடு, அக்காலக் கிறிஸ்தவத் தலைவர்கள் அனைவருக்கும் உடன்பாடானதன்று.

மதமாற்றத்தின் நோக்கம் பற்றிய கேள்விக்கு 1933இல் வெளிவந்த ஜே. வாஸ்கம் பிக்கெட்டின் திரள் இயக்க ஆய்வு ஒரு கோணத்தைச் சேர்த்தது. பல பகுதிகளில் களஆய்வு நடத்திய பிக்கெட், சேரும்போது இருந்த நோக்கத்தைவிட, சேர்ந்தபின் கிடைத்த போதனையும் ஒழுங்கான வழிபாடுமே சபையின் தரத்தை நிர்ணயித்தன என்று காட்டினார். கிராம ஆசிரியரின் இரவு வழிபாட்டுக்கு அசரியா தந்த முதன்மை இதனோடு பொருந்துகிறது.

சபை ஐக்கியத்திலும் இதே தருக்கம் செயல்பட்டது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். இந்தியாவுக்கு நற்செய்தி சொல்லும் பணியின் முன்னே, மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான பிரிவினைகள் தடையாய் நிற்கின்றன என்பதே அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் அடிப்படை. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அசரியா உயிருடன் இல்லை; 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் மறைந்திருந்தார். ஐக்கியத்தை நிர்வாகச் சீரமைப்பாக மட்டும் நினைவுகூரும் வழக்கத்தில், அது எதற்காகக் கோரப்பட்டது என்பது மங்கிப்போகிறது.

தோர்ணக்கலைக் குறையற்ற முன்மாதிரியாகக் காட்டினால் வரலாறு புகழுரையாகிவிடும். மாலருக்கும் மாதிகருக்கும் இடையிலான பூசல் சபைக்குள்ளும் நுழைந்தது. தமிழரான பேராயருக்கும் தெலுங்குச் சபையாருக்கும் இடையே உரசல்கள் எழுந்தன. பரவலின் வேகத்துக்குக் குருமார் தொகை ஈடுகொடுக்காததால், பல சிற்றூர்களில் திருவிருந்து அரிய நிகழ்வாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ச்சியே ஒரு சிக்கலை உண்டாக்கியது. சேர்ந்தவர்களைப் பேணப் பள்ளி வேண்டும், ஆசிரியர் வேண்டும், கட்டடம் வேண்டும். அவற்றை நடத்தச் செயற்குழுவும் கணக்கும் வேண்டும். வெளியே செல்லும் இயல்பால் வளர்ந்த சபை, வளர்ந்ததன் பயனாகவே உள்நோக்கித் திரும்பும் நெருக்கடிக்கு ஆளாயிற்று. ஆண்டுதோறும் சாட்சி வாரம் மீண்டும் மீண்டும் வலியுறுத்தப்பட்டதே, அவ்வியல்பு தானாக நிலைக்காது என்பதை அசரியா உணர்ந்திருந்தமைக்குச் சான்று.

இன்று இந்தியத் திருமண்டலங்களைப் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் சொத்து, தேர்தல், கல்வி நிறுவன நிர்வாகம் ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்கிறது. இது தனிமனிதர் தவறு என்பதைவிட, நிறுவனங்களின் எடை தரும் விளைவு என்று கொள்வதே பொருத்தம். அந்த எடையை எதிர்க்கத் தோர்ணக்கல் கையாண்ட கருவிகள் மிகச் சாதாரணமானவை: ஒரு வழிபாட்டு வாசகம், ஆண்டில் ஒரு வாரம், ஒரு பிடி தானியம், இரவு விளக்கடியில் ஒரு கூட்டம். அவற்றைத் தாங்கிய கூலிகள், ஆசிரியர்கள், அவர்களுடைய மனைவியர் ஆகியோரின் பெயர்கள் ஆங்கில மிஷன் கடிதங்களில் அருகியே வருகின்றன. சபைப் பதிவேடுகளிலும் தெலுங்குப் பாடல் மரபிலும் குடும்ப நினைவுகளிலும் அவர்களைத் தேடும் பணி இனித்தான் விரிவாக நடைபெற வேண்டும். மூன்றாவது இலக்கின் வரலாறு, பேராயர்களின் வாழ்க்கை வரலாறுகளால் மட்டும் நிறைவு பெறாது.