காலி சைட்டா, லைன் வீடா?

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவரிடம் வண்டிக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். டீசல், டோல், டிரைவர் படி, டயர் தேய்மானம், மாதத் தவணை எல்லாம் போக ஒரு நடைக்கு எவ்வளவு நின்றது என்று மடமடவென்று சொல்வார். அதே ஆள் ஊருக்கு வெளியே ஒரு சைட் வாங்கிப் போட்டிருந்தால், "வாங்கறப்ப சதுரடி அறுநூறு, இன்னைக்கு ரெண்டாயிரம் போவுதுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இடையில் கட்டிய வட்டியும் பத்திரச் செலவும் அதில் வராது. வண்டிக்கு ஒரு கணக்கு, மண்ணுக்கு ஒரு கணக்கு.

2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறப்பு, 2024-இல் மாநகராட்சி அந்தஸ்து, அதே ஆண்டு முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம். சைட் விற்பவர்களுக்குச் சொல்ல விஷயம் நிறைய. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவருக்கு இங்கே வழக்கமாக இரண்டு வழிதான் கண்ணில் படும். ஒன்று ஊரோரத்துக் காலி சைட். மற்றது ஊருக்குள் நாலு போர்ஷன் உள்ள லைன் வீடு. இரண்டையும் வண்டிக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம்.

கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். பத்திரச் செலவோடு சேர்த்து 45 லட்சம். கைப்பணம் 30, வங்கிக் கடன் 15. வட்டி 9 சதவீதம், தவணைக் காலம் 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 13,500 ரூபாய். லைன் வீட்டில் போர்ஷனுக்கு 5,000 வீதம் 20,000 வாடகை. ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். இதை அப்படியே வருமானம் என்று எழுதிக்கொள்வதுதான் முதல் தப்பு. ஆண்டில் ஒரு மாத வாடகை ஆள் மாறுவதில் போகும். சொத்து வரி, பெயிண்ட், மோட்டார், பிளம்பர் எல்லாம் கழித்தால் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்குச் சற்று மேலே நிற்கும். மாதம் 15,000 சொச்சம். தவணை அதில் அடங்கிவிடும். மிச்சம் பெரிதாக இருக்காது. கடனை 25 லட்சமாக ஏற்றினால் தவணை 22,500 ஆகிவிடும். வாடகை முழுவதும் ஒழுங்காக வந்தாலும் கையைக் கடிக்கும். ஆகவே வங்கி எவ்வளவு தரும் என்பதை விட, செலவு போன வாடகை எவ்வளவு தவணையைத் தாங்கும் என்பதே முக்கியம்.

சைட்டில் தவணை மொத்தமும் சட்டைப்பையிலிருந்து போகும். கடன் இரு பக்கமும் ஒன்றுதான் என்பதால் அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், வித்தியாசம் அந்த நிகர வாடகை. 45 லட்சத்துக்கு அது ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம். லைன் வீட்டின் மதிப்பு ஏறுவதை விட ஆண்டுக்கு 4 சதவீதம் கூடுதலாகச் சைட் ஏறினால்தான் இரண்டும் சமம். கட்டடம் பழசாகும், உண்மை. ஆனால் அதன் அடியில் இருப்பதும் மண்தான், அதுவும் ஊருக்குள் இருக்கிற மண்.

சைட்டுக்குக் கடன் வாங்குவதிலும் சங்கடம் உண்டு. வீட்டுக் கடனில் 30 லட்சம் வரை மதிப்பில் 90 சதவீதம் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. மனைக்கு வங்கிகள் அவ்வளவு தாராளமாகக் கொடுப்பதில்லை. சில ஆண்டுகளுக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வரும். வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். பராமரிப்புக்கென்று பில் இல்லாமலே 30 சதவீதம் கழிவும் உண்டு. காலி மனைக்கு இரண்டும் கிடையாது.

பத்திரச் செலவு இரண்டுக்கும் பொது. 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வையோடு மொத்தம் 9 சதவீதம். இந்தச் செலவைக் குறைக்க வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் வங்கி பார்க்கும். நாளை விற்கும்போது வருமான வரிக்காரரும் அதைத்தான் வாங்கிய விலை என்பார். 24 மாதம் கடந்து விற்ற லாபத்துக்கு 12.5 சதவீத வரி அந்தக் குறைந்த விலையிலிருந்தே தொடங்கும்.

சரிபார்ப்பில் சைட்டுக்குத்தான் வேலை அதிகம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் சொன்ன பிறகு "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் டி.டி.சி.பி. எண் வேண்டும், 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய பிரிவு என்றால் வரன்முறை ஆணை வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டிய புதுப் பிரிவுக்கு ரெரா பதிவும் பார்க்க வேண்டும். மூலப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கம், பட்டா, புல வரைபடம் எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் கொடுத்துவிடலாம்.

வக்கீல் பார்க்காதது ஒன்று இருக்கிறது. அது பக்கத்துக் கோழிப் பண்ணை. சைட் காட்டுகிறவர் நல்ல வெயிலில், காரில் கூட்டிப்போய், நுழைவு வளைவுக்குக் கீழே நிறுத்திக் காட்டுவார். மழை விட்டு இரண்டு நாள் கழித்து, சாயங்காலமாக நீங்கள் தனியாகப் போய் நில்லுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, எரு நாற்றம் வருகிறதா, டீக்கடைக் கிளாஸ் விளிம்பில் ஈ எத்தனை உட்காருகிறது என்று பாருங்கள். அங்கே குடிவர யாருக்கு மனசு வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும். பிளாட் வழியாகத் தண்ணீர் வடிந்த தடம் இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும், அது பழைய ஓடை.

லைன் வீட்டில் நான் முதலில் பார்ப்பது மீட்டர் பெட்டி. நாலு போர்ஷனுக்கு நாலு மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அவரவருக்குப் போகும், பில்லும் அவரவர் பாடு. ஒரே மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கொரு முறை பஞ்சாயத்து உறுதி. அடுத்து, வரைபட அனுமதி நாலு குடியிருப்புக்கா, ஒரு வீட்டுக்கா? பிறகு மொட்டை மாடி. சீலிங்கில் ஈரத் தடத்தை மறைத்துப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் விலையில் கழித்துக்கொள்ளலாம். போர் தண்ணீர் சித்திரையில் வருமா என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். குடியிருக்கும் அக்காவைக் கேளுங்கள்.

பராமரிப்பு என்றாலே லைன் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் புகைந்தால் போன் அவருக்குத்தான் வரும். அதோடு, வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும் என்பது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சைட்டுக்குப் பராமரிப்பே இல்லை என்று நினைப்பதுதான் ஆபத்து. நட்ட கல் நகரும், வேலிக்காத்தான் மண்டும், பக்கத்துக்காரர் ஜல்லி கொட்டுவார். சுற்றிலும் கம்பி வேலி, பட்டா தன் பெயரில், ஆண்டுக்கொரு முறை வில்லங்கச் சான்று, அவ்வப்போது நேரில் ஒரு நடை. வெளியூரிலோ துபாயிலோ இருப்பவருக்கு இது லைன் வீட்டை விடப் பெரிய தலைவலி.

நான் யாருக்காவது சொல்வதென்றால், கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவருக்கு லைன் வீடு. வட்டியில்லாப் பணம் சும்மா கிடக்கிறவருக்குச் சைட். ஒரு விஷயத்தில் மட்டும் சைட்டின் பக்கம் நிற்பேன். இரண்டு பிளாட்டாக வாங்கியிருந்தால் அவசரத்துக்கு ஒன்றை மட்டும் விற்க முடியும். ஒரே சுவர், ஒரே சம்ப், ஒரே செப்டிக் டேங்க் உள்ள நாலு போர்ஷனில் ஒன்றை மட்டும் யார் வாங்குவார்? இரண்டு பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கிற நாளிலும் இதே சிக்கல்தான். தெருப் பக்கத்து இரண்டு போர்ஷன் தனக்கு வேண்டும் என்று இருவரும் கேட்பார்கள். பின்னால் உள்ளதற்கு வழித்தடம் எத்தனை அடி என்பதை வீட்டை வாங்கும்போதே அளந்து எழுதி வைத்தவர்கள் இந்த ஊரில் குறைவு.