ஐகானுக்குள்ள ஒரு காப்புரிமைச் சண்டை

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடற மாதிரி ஒரு மென்பொருள் எழுதிட்டு, கடைசியா ஐகான் வைக்கலாம்னு உக்காந்தா தலைவலி ஆரம்பிக்கும். விண்டோஸுக்கு ஐசிஓ வேணும், மேக்குக்கு ஐசிஎன்எஸ், லினக்ஸுக்கு பிஎன்ஜியோ எஸ்விஜியோ. ஆனா முதல் ரெண்டு மூட்டையையும் பிரிச்சுப் பாருங்க, பெரிய அளவு படமெல்லாம் உள்ள பிஎன்ஜியாத்தான் இருக்கும். அது அங்க வந்து உக்காந்த கதை சுவாரசியமானது.

1987-ல காம்புசர்வ் நிறுவனம் ஜிஃப் வடிவத்தை வெளியிட்டுச்சு. 256 நிறம், சின்னக் கோப்பு. மோடம் காலத்துக்கு அமிர்தம். படத்தைச் சுருக்க அவங்க எடுத்துக்கிட்டது எல்இசட்டபிள்யூ முறை. டெர்ரி வெல்ச் 1984-ல பத்திரிகையில கட்டுரையா எழுதினது. ஊரே பாத்து எடுத்துப் பயன்படுத்துச்சு. ஆனா 1985-லயே அதுக்கு அமெரிக்கக் காப்புரிமை கொடுத்தாச்சு, பிறகு அது யூனிசிஸ் கைக்குப் போச்சு.

1994 டிசம்பர் கடைசி, கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட ஒரு அறிவிப்பு: ஜிஃப் கையாளற மென்பொருள் செய்யறவங்க உரிமத் தொகை கட்டணும்! ஏழு வருஷம் எல்லாரும் பழகின பிறகு. பெரிய கம்பெனி கட்டிட்டுப் போயிடும். ராத்திரி கண்ணு முழிச்சு இலவசமா நிரல் எழுதறவன் என்ன செய்வான்?

செஞ்சாங்க. 1995 ஜனவரி 4-ஆம் தேதியே தாமஸ் பூட்டல் யூஸ்நெட்ல மாற்று வடிவத்துக்கு முதல் வரைவு போட்டார். பலர் சேர்ந்து இழுத்துச் சரிபண்ணி, 1996 அக்டோபர்ல பிஎன்ஜி டபிள்யூ3சி பரிந்துரையாச்சு. சுருக்கறதுக்கு, ஜிப் கோப்புல இருக்கற டிஃப்ளேட் முறை. காப்புரிமைத் தொல்லை இல்லை.

காசு மிச்சம்ங்கறதை விட ஐகான்காரனுக்குப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. ஜிஃப்ல ஒரு புள்ளி ஒண்ணு தெரியும், இல்ல தெரியாது. பழைய ஐசிஓவும் அப்படித்தான். வெள்ளைப் பின்னணிக்கு வரைஞ்ச வட்டத்தைக் கறுப்புத் திரையில வெச்சா ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்கும். பிஎன்ஜி ஒவ்வொரு புள்ளிக்கும் 256 படி ஊடுருவலைக் கொடுத்துச்சு. ஓரம் பின்னணியோட கரைஞ்சுடும். (ஜேபெக்ல ஊடுருவலே கிடையாது, அதை விட்டுடுங்க.)

2001-ல விண்டோஸ் எக்ஸ்பி இதே வசதியை ஐசிஓவுக்கும் கொண்டு வந்துச்சு, ஆனா சுருக்காம. 2007-ல விஸ்டா 256-க்கு 256 ஐகான் கேட்டப்பதான் கணக்கு இடிச்சுது. புள்ளிக்கு 4 பைட்டுன்னா ஒரே படம் 256 கேபி! அதனால ஐசிஓ கோப்புக்குள்ளயே பிஎன்ஜியைப் பொதிஞ்சு வைக்க அனுமதிச்சாங்க.

எஸ்விஜி எந்த அளவுக்கும் விரியும்னு சொல்வாங்க. விரியும். ஆனா 16-க்கு 16-ல சுருக்கினா கோடெல்லாம் கஞ்சியா குழையும். அந்தச் சின்னதைக் கையால தனியா வரையறதுதான் நல்லது, சோம்பேறித்தனம் படாதீங்க :-)

எல்இசட்டபிள்யூவோட அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20-ல காலாவதியாச்சு. அதுக்குள்ள ஐகான் உலகம் கைவிட்டுப் போயிருந்துச்சு. ஜிஃப் கைல மிஞ்சினது அசையும் படம் மட்டும்தான். 2025 ஜூன்ல வந்த பிஎன்ஜி மூணாம் பதிப்புல அதையும் அதிகாரபூர்வமா சேர்த்துட்டாங்க.