டணாய்க்கன் கோட்டைக்கு ஒரு நாள்

போன மார்கழியில், குன்னூரில் காலை நடைக்கு வரும் நாங்கள் 14 பேர் ஒரு வேன் பிடித்து, மலையை விட்டிறங்கி பவானி ஆற்றங்கரை ஊர்களைப் பார்த்துவிட்டு வந்தோம். வழிகாட்டி எங்கள் கூட்டத்திலேயே இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். மற்றவர்களுக்கு அணைப் பூங்காவும் மீன் வறுவலும்தான் குறி. எனக்கு வேறொரு கணக்கு இருந்தது. என் அம்மா பிறந்த டணாய்க்கன் கோட்டை அந்த அணைத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது.

பர்லியாறு, கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையத்தில் டிபன். ரயில் மலையேறி குன்னூருக்கு வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். அதனால் மலைக்கு வாசல் என்றாலே மேட்டுப்பாளையம் என்றாகிவிட்டது. "அதெல்லாம் பின்னால வந்ததுய்யா" என்றார் வாத்தியார். முதல் வாசல் கிழக்கே, மோயாறும் பவானியும் கூடுகிற இடத்தில் இருந்தது.

14-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனின் கீழ் இந்தப் பகுதியை ஆண்டவர் மாதவ தண்டநாயகர். தண்டநாயகன் கோட்டைதான் மக்கள் வாயில் டணாய்க்கன் கோட்டை ஆயிற்று. நீலகிரியை அடக்கியவன் என்ற பொருளில் அவருக்கு ஒரு பட்டமும் உண்டு. ஊட்டியின் சரித்திரத்தை சல்லிவனிலிருந்து தொடங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த சல்லிவனும், கோயமுத்தூர் கலெக்டராக 1819 ஜனவரியில் மலையேறப் புறப்பட்டது இதே கோட்டையிலிருந்துதான். பிறகு சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை வெட்டினார்கள். 1830-க்குப் பின் குன்னூர் வழி திறந்ததும் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது. ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகரானது. கோட்டையை எல்லோரும் மறந்தார்கள்.

அம்மா மறக்கவில்லை. "உங்க ஊரு துரையே எங்க ஊர்ல இருந்துதான் மேல ஏறுனாரு" என்று அப்பாவிடம் பெருமை பேசுவாள். "அந்த ஊரு இப்ப எங்க இருக்குதுன்னு காட்டு பார்க்கலாம்" என்பார் அப்பா. நாங்கள் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்போம். ஒருமுறை ஏதோ விண்ணப்பத்தில், எழுதச் சுலபம் என்று, பிறந்த ஊர் மேட்டுப்பாளையம் என்று போட்டுவிட்டேன். அடித்துவிட்டுத் திருத்தி எழுதும்வரை அம்மா கைநாட்டு வைக்கவில்லை. எஸ்டேட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது. அன்று கோபித்துக்கொண்டேன்.

அணை வேலை 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்தது. ஊர் காலி செய்தபோது தாத்தா வீட்டு நிலை, கதவைப் பெயர்த்து மாட்டு வண்டியில் ஏற்றினாராம். அந்த வண்டியின் பின்னால் நடந்து வந்ததை மட்டும் அம்மா சொல்வாள், அதற்கு மேல் பேசமாட்டாள். கீழ்பவானி வாய்க்காலில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அம்மா ஒரு நாளும் அணையைப் பார்க்க வந்ததில்லை.

சிறுமுகை தாண்டி நீர்த்தேக்கம் கண்ணில் பட்ட ஓரிடத்தில் வேனை நிறுத்தச் சொன்னேன். கடல் மாதிரி தண்ணீர். எங்கள் குன்னூர் ஆறும் பவானியில்தான் சேர்கிறது. எங்கள் தேயிலைக் காட்டில் பெய்த மழையும் அதில் நின்றிருக்கும். கோட்டையும் இல்லை, கோயிலும் இல்லை. பரிசலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, கோட்டை எந்தப் பக்கமுங்க?"

கையை நீட்டிக் காட்டினார். "இப்பத் தெரியாதுங்க. வெயில் காலத்துல தண்ணி நல்லா எறங்குச்சுன்னா மாதவராயப் பெருமாள் கோயில் மேல வரும். நீங்க எந்த ஊருங்க?"

"குன்னூருங்க. எங்கம்மாவுக்கு இந்த ஊரு."

"அப்படிங்களா" என்று தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் காட்டிய திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேன்காரர் ஹாரன் அடித்தார்.

பூங்காவில் மீன் நன்றாகவே இருந்தது என்றார்கள். நான் மோர் மட்டும் குடித்தேன்.

சித்திரையில் தண்ணீர் இறங்கினால் மறுபடி போவதாக வாத்தியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேனில் இரண்டு இடம் இருக்கிறது, வருகிறவர்கள் சொல்லுங்கள்.