லில்லி என்ற பெயர் பலவற்றுக்கு. உண்மையான லில்லிகள் சிலவே

பூக்கடைகளிலும் நாற்றுப் பண்ணைகளிலும் ‘லில்லி’ என விற்கப்படும் செடிகளில் பல, தாவரவியலின்படி லில்லிகளே அல்ல. லிலியம் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 100 சிற்றினங்கள் மட்டுமே உண்மையான லில்லிகள். செதில்கள் அடுக்கிய நிலத்தடிக் குமிழிலிருந்து முளைக்கும் இவை, வடகோளத்தின் குளிர்ந்த நிலங்களுக்கு உரியவை. இந்தியாவில் இயல்பாக வளர்பவை மிகச் சிலவே.

அவற்றுள் பெயர்பெற்றது மணிப்பூரின் மாநில மலரான ஷிருய் லில்லி. உக்ருல் மாவட்டத்தில், சுமார் 2,835 மீட்டர் உயரமுள்ள ஷிருய் மலையின் புல்வெளிகளில் மே, ஜூன் மாதங்களில் இது பூக்கிறது. வெளிர் இளஞ்சிவப்பு நிறமும், தலைகுனிந்த மணி போன்ற வடிவமும் கொண்டது. பிரிட்டன் தாவர ஆய்வாளர் பிராங்க் கிங்டன்-வார்டு 1946ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்தார். பின்னர் அவருடைய மனைவியான ஜீன் மேக்ளினின் பெயரால் ‘லிலியம் மேக்ளினியே’ எனப் பெயரிடப்பட்டது. தாங்குல் நாகா மக்கள் அதற்கு முன்பே இம்மலரைத் தங்கள் மொழிப் பெயரால் அறிந்திருந்தனர்.

இம்மலர் வேறு எந்த மண்ணிலும் வளராது என அடிக்கடி எழுதப்படுவது சரியன்று. குளிர்ச்சியும் ஈரப்பதமும் மிக்க ஸ்காட்லாந்தின் தோட்டங்களில் இது நன்றாகவே வளர்க்கப்படுகிறது. ஆபத்து அதன் சொந்த மலையில்தான் உள்ளது. பார்வையாளர்கள் பூவைப் பறிப்பதும், குமிழைத் தோண்டி எடுத்துச் செல்வதும், குட்டை மூங்கில் பரவிப் புல்வெளியை மூடுவதும் அதன் இருப்பைச் சுருக்கி வருகின்றன. 2017இல் மாநில அரசு தொடங்கிய ஷிருய் லில்லி விழா, இன மோதலால் இரண்டு ஆண்டுகள் தடைபட்டு, 2025 மே மாதத்தில் மீண்டும் நடைபெற்றது.

மேற்கு இமயமலையின் லிலியம் பாலிபில்லம் மருந்துக்காகத் தோண்டப்படுகிறது. ஆயுர்வேதம் ‘க்ஷீரகாகோலி’ எனக் குறிப்பிடும் மூலிகையாக இதன் குமிழ் கருதப்படுகிறது. சியவனபிராசத்தில் சேரும் அஷ்டவர்க்கத்தின் எட்டு மூலிகைகளுள் அதுவும் ஒன்று. குமிழை எடுத்தால் செடியே அழியும் என்பதால், பூப்பறிப்பதைக் காட்டிலும் இந்தச் சேகரிப்பு கடுமையானது. அருகிவரும் இனங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இது மிக ஆபத்தான நிலையில் வைக்கப்பட்டுள்ளது.

தென்னிந்தியாவிலும் ஓர் உண்மையான லில்லி உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த புல்வெளிகளில் நீண்ட எக்காளம் போன்ற வெண்ணிற மலர்களுடன் பூக்கும் நீலகிரி லில்லியே அது.

மற்றவை பெயரளவில் மட்டுமே லில்லிகள். அல்லி ஆங்கிலத்தில் ‘வாட்டர் லில்லி’ எனப்பட்டாலும், பூக்கும் தாவரங்களின் மிகத் தொன்மையான கிளைகளுள் ஒன்றைச் சேர்ந்தது. வீட்டுக்குள் வளர்க்கப்படும் ‘பீஸ் லில்லி’ சேம்பின் உறவு. மழை லில்லியும் ஸ்பைடர் லில்லியும் இன்றைய வகைப்பாட்டில் வெங்காயம், பூண்டு ஆகியவற்றுடன் ஒரே குடும்பத்தில் உள்ளன. ஒரு காலத்தில் அந்த வெங்காயமும் சோற்றுக்கற்றாழையும்கூட லில்லிக் குடும்பத்திலேயே அடக்கப்பட்டிருந்தன. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 1998இல் வெளியான வகைப்பாடு அவற்றைப் பிரித்தது. ‘கடல் லில்லி’யோ தாவரமே அன்று, நட்சத்திர மீனின் இனத்தைச் சார்ந்த விலங்கு.

இந்தப் பெயர்க் குழப்பம் சில இடங்களில் உயிருக்கே ஆபத்தாகிறது. ‘குளோரி லில்லி’ எனப்படும் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். லில்லிக்குத் தூரத்து உறவு மட்டுமே கொண்ட இச்செடியின் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்ற நச்சு உள்ளது. கீல்வாத மருந்துக்கு இது மூலப்பொருள் என்பதால், விதைக்காகத் தமிழ்நாட்டில் பயிரிடப்படுகிறது. இதன் கிழங்கைச் சர்க்கரைவள்ளி எனத் தவறாக எண்ணி உண்டவர்கள் உயிரிழந்ததும் உண்டு.

பூனை வளர்ப்போரும் எது எந்த லில்லி என அறிந்திருத்தல் அவசியம். பீஸ் லில்லியைக் கடித்த பூனைக்குப் பெரும்பாலும் வாய் எரிச்சலே ஏற்படும். உண்மையான லில்லியோ, ‘டே லில்லி’யோ ஆயின், இலையைச் சிறிது மென்றாலும், உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். இத்தகைய நிலையில் அறிகுறிகளுக்காகக் காத்திராமல், பூனையை உடனடியாகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.